வெட்டாமல் சேமித்த படம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இந்த முகவரி சரிதானா என்று தெரியவில்லை. நீ இந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் இருப்பதாகச் சித்தி சொன்னாள். பிரிவின் பெயரை உறையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். உன் கைக்கு வந்தால் வந்தது.

போன் நம்பரை மாற்றிவிட்டாய். அதனால்தான் கடிதம். பேனா பிடித்து எத்தனையோ காலமாகிவிட்டது, என் எழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் ஸ்டாம்ப் ஆல்பத்தை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். பச்சை அட்டை போட்டது. அலமாரியின் மேல்தட்டில், தையல் மெஷின் மூடிக்குப் பின்னால் கிடந்தது. பின்பக்கங்களில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு ஸ்டாம்பையும் தனித்தனிப் படமாகச் சேமித்து, உனக்கும் ஒரு பிரதி தரலாம் என்று தோன்றியது. பாதி உன்னுடையதுதானே. முதல் சில பக்கங்களின் படங்கள் இத்துடன் இருக்கும் பென் டிரைவில் உள்ளன.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தீவு நாட்டின் பறவை வரிசை. ஏழில் ஐந்தாவது இல்லை. வெற்றிடத்துக்குக் கீழே உன் எழுத்தில் 'மீன்கொத்தி' என்று மட்டும் இருக்கிறது. அது உன்னிடம் இருக்குமோ? இருந்தால் அனுப்பு. ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வரிசை முழுதாக இருந்தால் நன்றாக இருக்கும்.

அம்மா நலம். முழங்கால் வலி மட்டும்தான்.

பொடியன்


பிப்ரவரி 20

பொடியா,

வந்தது. "உங்களுக்கு ஏதோ போஸ்டர் வந்திருக்கு மேடம்" என்று சொல்லித்தான் வரவேற்பறைப் பெண் உறையை நீட்டினாள். அவ்வளவு பெரிய எழுத்து.

தகுதி இருக்கிறதா என்று யோசித்தாயாம். இல்லை. மேலே போகலாம்.

பாதி என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். இதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். புருஷன் வீடு வேண்டாம் என்று நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று, அம்மா பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். நீ உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினாய். அது இன்னும் என் காதில் இருக்கிறது. கிரிக்கெட். யார் ஆடினார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது.

நான்கைந்து நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது ஆல்பத்தைக் கேட்டேன். "அது அவனோடது" என்றாள். நீ சுவரைப் பார்த்தாய்.

ஆம், மீன்கொத்தி என்னிடம்தான் இருக்கிறது. அம்மா வண்டி கூப்பிடத் தெருவுக்குப் போன நேரத்தில் எடுத்தேன். முழு ஆல்பத்தையும் எடுத்திருக்கலாம். பெட்டியில் இடம் இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும்தான் எடுத்தேன். ஆல்பமே போயிருந்தால் அலமாரியில் வேறு எதையாவது வைத்திருப்பீர்கள். ஒன்று மட்டும் போனால் அந்தப் பக்கத்தைத் திருப்பும் போதெல்லாம் காலி இடம் தெரியும். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்க இத்தனை காலம் எடுத்திருக்கிறது.

அனுப்ப மாட்டேன்.

படங்களைப் பார்த்தேன். மோசம். ஸ்டாம்பின் ஓரமும் வெள்ளை, ஆல்பத் தாளும் வெள்ளை. ஓரத்துப் பல் ஒன்றும் தெரியவில்லை. பல் தெரியாத ஸ்டாம்ப் வெறும் அச்சுத் துண்டு. பின்னால் கறுப்பு அட்டை வை. நாங்கள் எலும்பைக் கறுப்பில்தான் பார்க்கிறோம். ஸ்கேனர் மூடியை அழுத்தாதே. படத்தைச் சுருக்காதே.

மற்றதை அனுப்பு. பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 2

அக்கா,

நீ பதில் எழுதியதே போதும். திட்டியதை நான்கு தடவை படித்தேன். அந்த டிவி வரியை இன்னும் இரண்டு தடவை.

கறுப்பு அட்டை வைத்தாகிவிட்டது. இத்துடன் இருப்பவற்றைப் பார், பல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருக்கிறது. ஸ்டாம்ப்களைத் தாளிலிருந்து பிரித்து, ஒரு பத்துப் பன்னிரண்டை இடைவெளி விட்டுக் கண்ணாடியில் கவிழ்த்து, மேலே கறுப்பு அட்டையை வைத்துவிட்டால் போதும். மற்றதை அந்த மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. கறுப்பில் எங்கே ஒரு செவ்வகம் இருந்தாலும் கண்டுபிடித்து, கோணலாக இருந்தால் நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, எண் கொடுத்துத் தனிப்படமாகச் சேமிக்கிறது. நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு செய்கிறேன். அம்மா தன் அலுவலகக் குப்பைத்தொட்டியிலிருந்து உறைகளைப் பொறுக்கி வருவாளே, நாம் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவோமே, அந்த மேசை. நீ ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் ஒற்றுவாய். நான் அவசரப்பட்டு உரித்துக் கிழிப்பேன். "உன் கை கை இல்லை, கத்தரிக்கோல்" என்பாய்.

பிரித்ததால் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் பழைய இடத்துக்கே போகும்.

மீன்கொத்தியை அனுப்ப வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் யோசி. மற்ற ஆறும் இடப்பக்கம் பார்க்கின்றன. அது ஒன்றுதான் வலப்பக்கம் பார்க்கும் என்று நீ சொல்வாய். அது இல்லாமல் அந்தப் பக்கமே ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருக்கிறது.

பொடியன்


மார்ச் 11

பொடியா,

இந்தத் தடவை படங்கள் நன்றாக இருக்கின்றன.

மதியம் நோயாளிகள் குறைவாக இருக்கும்போது எங்கள் அறைக் கணினியில் திறந்து வைத்துப் பார்க்கிறேன். சுற்றிலும் யார் யாருடைய விலா எலும்போ தொங்குகிறது, நடுவில் ஒரு ஸ்டாம்ப் திரை முழுக்க. உதவியாளர் எட்டிப் பார்த்து, "இது என்ன மேடம், யாரோட பித்தப்பை?" என்றான். கப்பல் என்றேன். பெரிதாக்கினால் கப்பலின் புகையில் சின்னச் சின்னக் கோடுகள் தெரிகின்றன. அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் பார்த்ததில்லை. ராணியின் கழுத்தில் நீ பேனாவால் போட்ட மருவும் தெரிகிறது.

ஒரு விஷயம் என்னை உட்கார வைத்துவிட்டது. பதினொன்றாம் பக்கத்துப் பறவை வரிசையின் எண்கள். 11-01, 02, 03, 04. பிறகு 06. நடுவில் ஐந்து இல்லை. மென்பொருள் தானாக எண் போட்டால் விடாமல்தான் போட்டிருக்கும். யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள். இல்லாத ஒன்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஒரு பென்சிலை எடுத்த இடத்தில் வைக்காதவன் நீ. எனக்கு இடம் விட்டு எண் போட்டிருக்கிறாய். இதை எழுதும்போது கொஞ்சம் கோபமாக இருக்க முயல்கிறேன். முடியவில்லை.

அனுப்புகிறேன். உறை எழுதி மேசையில் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. 14-07. அந்த ஸ்டாம்ப் கொஞ்சம் சுருண்டது, அதை யாரோ ரேகை படாமல் விரலைத் திருப்பி, நகப் பக்கத்தால் கண்ணாடியில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். மேல் ஓரத்தில் விரல் நுனி விழுந்திருக்கிறது. மென்பொருளுக்கு அதை வெட்டத் தெரியவில்லை. நகம் நீளவாக்கில் வரிவரியாக இருக்கிறது. கடைசி மூட்டு வீங்கியிருக்கிறது. நாள் முழுக்கக் கை எலும்பு பார்க்கிறவள் நான். அது அறுபது தாண்டிய விரல். அம்மாவுடையதும் இல்லை, ஆண் விரல்.

யாருடா அது? நம் வீட்டு மேசையில்?

உன் விரல்களை எனக்குத் தெரியும். நீ அலமாரிக் கதவை அடித்துச் சாத்தியதில் என் ஆள்காட்டி விரல் நகம் இன்றைக்கும் நடுவில் பிளந்துதான் வளர்கிறது. எத்தனை வெட்டினாலும் கோடு போகவில்லை.

எழுது. உறையை அதற்குப் பிறகு ஒட்டுகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் கண்ணுக்குத் தப்ப முடியுமா. அது கடைக்காரர் விரல். எங்கள் தெருமுனையில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். என் ஸ்கேனர் நடுவில் மக்கர் செய்தது, சில பக்கங்களை அவரிடம் கொடுத்துச் செய்தேன். வயதானவர். பொறுமைசாலி. அவ்வளவுதான் விஷயம்.

எண் பற்றி நீ எழுதியது. ஆமாம், இடம் விட்டுத்தான் போட்டேன். நீ கவனிப்பாய் என்று தெரியும்.

அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. மீதிப் படங்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் முடிந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க எனக்கு நேரமில்லை, நீ பார்த்துக்கொள்.

மீன்கொத்தியைப் பதிவுத் தபாலில் அனுப்பு. ஏப்ரலுக்குள் கிடைத்தால் நல்லது. அவசரம் என்றில்லை. முடிந்த வேலையாக இருக்கட்டும் என்றுதான்.

அம்மா உன்னை விசாரித்தாள். உண்மையாகத்தான்.

பொடியன்


மார்ச் 30

தம்பிக்கு,

22-09-ஐத் திறந்து பார். நேரம் ஒதுக்கு.

அந்தப் பக்கத்தில் எட்டு ஸ்டாம்ப்தான் உண்டு. ஒன்பதாவதாக ஒரு படம் இருக்கிறது. கண்ணாடியில் ஸ்டாம்ப்களோடு ஓர் அட்டையும் கிடந்திருக்கிறது. கறுப்பில் செவ்வகம். நீ சொன்னதுபோல் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து, நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, எண் கொடுத்துச் சேமித்துவிட்டது. அதற்கு ஸ்டாம்ப் எது, வேறு எது என்று தெரியாதே.

அழகான எழுத்து. கோணாமல், மையில் எழுதியது. நீ படித்திருக்க மாட்டாய் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

'ஒரு தமக்கையும் தம்பியும் சிறு வயதில் சேர்த்த தபால்தலைகள். பதினாறாம் வயதில் காய்ச்சலில் மறைந்த அத்தமக்கையின் நினைவாக. என் மருமகனின் தொகுப்பிலிருந்து.'

கீழே ஒரு தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் முகவரி. கண்காட்சி, மே மாதம், நூலக அரங்கம்.

உனக்குக் கல்யாணமும் எனக்குச் சாவும் ஒரே அட்டையில். மூன்று வரியில் முடித்துவிட்டார்.

முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்கதோஷம். பெரிதாக்கினால் வேறு ஏதாவது தெரியும் என்று நினைத்தேன். 'மறைந்த' என்பதன் 'ம'வில் மை கொஞ்சம் கசிந்திருக்கிறது. அவ்வளவுதான் தெரிந்தது.

வரிவரி நகம் கடைக்காரருடையது இல்லை. ஸ்கேனரும் உன்னுடையது இல்லை. சாப்பாட்டு மேசையும் பொய். இல்லாத ஐந்துக்கு இடம் விட்டு எண் போட்டதும் நீ இல்லை. நான் உனக்கு நன்றி எழுதினேன். "ஆமாம், நான்தான்" என்று வாங்கிக்கொண்டாய். மற்றதெல்லாம் கூடப் பிறகு. இதை எப்படிடா வாங்கிக்கொண்டாய்?

உறையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

எந்தக் காய்ச்சல் என்றும் எழுது. மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

அக்கா என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை.


ஏப்ரல் 6

அக்கா,

எழுதுவதற்கு எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேள்.

போன வருடம் பெண் பார்க்கப் பேச்சு வந்தது. நல்ல இடம். அவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் விசாரிப்பவர்கள். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் உன் விஷயம் தெரிந்து பின்வாங்கின. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா வீட்டுக்கு வந்தபோது பச்சை ஆல்பத்தைப் பார்த்தார். அவருக்கு ஸ்டாம்ப் என்றால் உயிர். பேசவந்ததை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் அதையே புரட்டினார். "ரெண்டு பேர் கையெழுத்து இருக்கே மாப்பிள்ளை, யாரோடது?" என்றார். கல்யாணம் முடிவாகும் முன்பே மாப்பிள்ளை என்றார். அம்மா முந்திக்கொண்டாள். ஒரு பெண் இருந்தாள், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றாள். அவர் ஆல்பத்தை மூடிவிட்டு, எழுந்து நின்று, என் தோளைத் தொட்டார். அந்த நேரத்தில் எப்படி மறுத்துச் சொல்வது? நீயே சொல்.

பிறகு அதை அவருக்குக் கொடுத்தேன். ஸ்கேன் செய்ததும் எண் போட்டதும் அவர்தான். ஆறு மாதமாகச் செய்கிறார். உன் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். ஐந்தாவது பறவையைத் தேடி எங்கெங்கோ எழுதிப் போட்டார், கிடைக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதினேன்.

உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாதது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அவள் நல்லவள் அக்கா. இப்போது ஏழாம் மாதம். பெண் பிறந்தால் உன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள்.

தயவுசெய்து மாமாவுக்கு எதுவும் எழுதிவிடாதே. கண்காட்சி முடியட்டும். நானே நேரில் வந்து உன் காலில் விழுகிறேன்.

ஐந்தாவதைப் பற்றி நான் இனி கேட்கமாட்டேன். அவர்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பொடியன்


ஏப்ரல் 14

தம்பிக்கு,

அம்மா முந்திக்கொண்டாள். நல்லது. வயதானவள், முழங்கால் வலிக்காரி, அவள் தலையில் போட்டுவிடலாம்.

ஆனால் பதினாறு என்று சொன்னது யார்?

அம்மாவுக்குப் பதினாறு தெரியாது. நான் எந்த வகுப்பில் படிக்கிறேன் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. ஆல்பத்தில் என் எழுத்து எந்தப் பக்கத்தோடு நிற்கிறது, உன் எழுத்து எங்கே தொடங்குகிறது, அப்போது எனக்கு என்ன வயது, இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு நாள் பேனாவை உன்னிடம் கொடுத்து, "இனிமே நீ எழுது, உன் கையெழுத்து நல்லா வந்துடுச்சு" என்றேன். நீ முதன்முதலில் எழுதியது 'ஒட்டகம்'. 'ட்' விட்டுப்போனது. நான் திருத்தவில்லை. உனக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தைத்தான் என் சாவு நாளாக்கியிருக்கிறாய். எழுத்து நின்றதற்குக் காரணம் வேண்டும், மாமனார் கேட்பார். பொருத்தமாக யோசித்திருக்கிறாய். வாய் தவறி வந்த பொய் இப்படிப் பொருந்தாது. உட்கார்ந்து அளவெடுத்துத் தைத்தது.

டிவி சத்தத்தைக் கூட்டியவன் என்றுதான் இதுவரை உன்னை நினைத்திருந்தேன். பயந்தவன் என்று. பயந்தவனை மன்னித்துவிடலாம். பாதி மன்னித்தும் வைத்திருந்தேன்.

உன் பெண்ணுக்கு என் பெயரை வைக்காதே. அதை இன்னும் நான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

மாமனாருக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்கிறாய். எழுதவில்லை. ஆனால் அவர் பாவம், ஐந்தாவதைத் தேடுகிறாரே. எங்கள் அலுவலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது. மீன்கொத்தியை வைத்தேன். கறுப்பு அட்டை வைத்தேன். அதுவும் கொஞ்சம் சுருண்டிருந்தது, அவரைப் போலவே விரலைத் திருப்பி நகப் பக்கத்தால் பிடித்துக்கொண்டேன். வெட்டட்டுமா என்று மென்பொருள் கேட்டது. வேண்டாம் என்றேன். 11-05 என்று அவருடைய எண்ணையே பெயராகக் கொடுத்துச் சேமித்தேன்.

அட்டையில் இருந்த சங்க முகவரிக்கு ஒரு பென் டிரைவில் அனுப்பிவிட்டேன். உள்ளே ஒரு வரிகூட இல்லை. அனுப்புநர் பெயரும் இல்லை. படம் மட்டும்.

இனி அவர் உன்னைக் கேட்பார். நீ சொல்.

(கையெழுத்து இல்லை)


ஏப்ரல் 24

அக்கா,

வந்து சேர்ந்தது.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரை முழுக்க மீன்கொத்தி, வலப்பக்கம் பார்த்துக்கொண்டு. இடது மூலையில் உன் விரல்.

பிளந்த நகம்.

"என்னோட எண்ணையே போட்டு அனுப்பியிருக்காங்க மாப்பிள்ளை. யாருன்னு தெரியல. பொம்பள விரல் மாதிரி இருக்கு. நகத்துல கோடு பாருங்க. யாரா இருக்கும்?"

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் திரையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் மாமாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டாம்ப் விற்கும் ஒருத்தியின் விரல் என்று சொல்லிவிட்டேன். எண்ணையும் சங்க முகவரியையும் சொல்லி நான்தான் விசாரித்திருந்தேன், மாதிரிக்குப் படம் அனுப்பியிருக்கிறாள் என்று.

நம்பினார். என்னைக் கட்டிக்கொண்டார். "உங்க அக்காவுக்காக இவ்வளவு தேடியிருக்கீங்களே" என்றார்.

படத்தை அசல் அளவில் அச்செடுத்து, கண்காட்சிக்கான கண்ணாடிச் சட்டத்தில் அந்தக் காலி இடத்திலேயே வைத்துவிட்டார். விரலை வெட்டிவிடலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். "இருக்கட்டும் மாப்பிள்ளை. பிடிச்சிருக்கிற விதத்தைப் பாருங்க, பல்லு மேல படாம பிடிச்சிருக்கு. ஸ்டாம்பை மதிக்கத் தெரிஞ்ச கை" என்றார். அசலை எப்படியாவது அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கித் தரச்சொல்கிறார்.

நான் கெட்டவன் என்று எழுது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்தது எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்துவிட்டது அக்கா. உன் விரலும் அங்கே இருக்கிறது. இதோடு விட்டுவிடேன்.

கண்காட்சி மே பத்தாம் தேதி. மூன்று நாள். அதற்குப் பிறகு உன்னை வந்து பார்க்கிறேன். சத்தியமாக.

பொடியன்


மே 2

தம்பிக்கு,

நீ இங்கே வர வேண்டாம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி காரணம் கேட்டார். என் நினைவாக ஒரு கண்காட்சி என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பொது அரங்கம்தானே, யார் வேண்டுமானாலும் வரலாம். நான் சண்டை போட வரவில்லை. அம்மாவிடம் பேசமாட்டேன். உன் மனைவியை உட்கார வை, நிற்க விடாதே, ஏழு தாண்டிவிட்டது.

நீ எழுதியதில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். மதிக்கத் தெரிந்த கை என்று அவர் சொன்னது. என்னைப் பார்க்காமலே அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. என் எழுத்தை ஆறு மாதம் பார்த்திருக்கிறார். நான் இல்லாத இடத்தை எண்ணில்கூட மூடாமல் வைத்திருக்கிறார். என்னைத் தேடியவர் அவர் ஒருவர்தான், அதுவும் செத்துப்போனவள் என்று நினைத்துக்கொண்டு. அவருக்கு நான் பொய்யாக இருக்க விரும்பவில்லை.

பதினொன்றாம் பக்கம் இருக்கும் சட்டத்தின் முன்னால் நிற்பேன். அவர் பக்கத்தில் இருப்பார். இப்படிப்பட்டவர்கள் தங்கள் சட்டத்தை விட்டு நகரமாட்டார்கள். மீன்கொத்தியை உறையில் போட்டுக் கைப்பையில் கொண்டுவருகிறேன். அங்கே வைத்து வெளியே எடுப்பேன். இடுக்கி இல்லாமல், விரலால்தான்.

நீ எங்கேயாவது சத்தத்தைக் கூட்டிக்கொண்டு நின்றுகொள்.

யார், என்ன என்று நீ எதுவும் சொல்லித் தர வேண்டாம். அவர் நகத்தைப் பார்ப்பார்.

அக்கா